மெத்தைத் தோள்

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் லொறி வந்து நின்றால், முதல் மூட்டை சாந்தகுமாரின் தோளில்தான் இறங்க வேண்டும். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் அங்கே ஒருவருக்கும் பதில் தெரியாது. அரிசிக் கடை நிலாம் முதலாளி பிஸ்மி சொல்லிக் கதவைத் திறப்பார். மூட்டை சுமக்கும் பதினொரு நாட்டாமைகளுக்கும் தலைவரான பழனிமுத்து லொறியின் பின்பலகையை இரண்டு தட்டுத் தட்டுவார். மேலே நிற்கும் இரண்டு பேர் ஐம்பது கிலோ மூட்டையை நகர்த்திச் சாந்தகுமாரின் இடது தோளில் வைப்பார்கள். அது அசையாமல் உட்கார்ந்துகொள்ளும். முதல் மூட்டை சறுக்கினால் அன்றைய வியாபாரமே சறுக்கிவிடும் என்பது முதலாளியின் நம்பிக்கை. பதினெட்டு வருடத்தில் சாந்தகுமாரின் தோளில் ஒரு மூட்டையும் சறுக்கியதில்லை.

காரணம், அவன் கழுத்தடியிலிருந்து தோள் முனைவரை படர்ந்திருந்த கட்டி. உள்ளங்கைத் தடிப்பில், பஞ்சு போல மெத்தென்று இருக்கும். மற்ற நாட்டாமைகள் துவாயை மடித்துச் சும்மாடு வைத்துத்தான் மூட்டை ஏற்ற வேண்டும். இவனுக்கு அந்த வேலை இல்லை. "ஆண்டவன் ஒனக்கு மட்டும் மெத்தை தச்சு அனுப்பியிருக்கான்டா" என்று பழனிமுத்து ஒருநாள் சொன்னது அப்படியே பெயராய் ஒட்டிக்கொண்டது. மெத்தை சாந்தன் என்றால்தான் தெருவில் தெரியும். பொகவந்தலாவையில் பள்ளிக்கூடம் போன காலத்தில் இதே கட்டிக்காகப் பிள்ளைகள் அவனைக் கல்லால் அடித்தார்கள். கொழும்பு வந்த பிறகுதான் அது அவனுக்கு ஒரு மரியாதையைச் சம்பாதித்துக் கொடுத்தது. சட்டையைக் கழற்றி நிற்க அவன் கூச்சப்படாத ஒரே இடம் அந்தத் தெருதான்.

முதுகெங்கும் வேறு கட்டிகளும் உண்டு. பயறளவில், கடலையளவில், சுண்டைக்காயளவில். இடுப்பிலும் நெஞ்சிலும் பால் தேத்தண்ணி நிறத்தில் பெரிய பெரிய மச்சங்கள். அவனுடைய தாய் ஆறாயிக்கும் அப்படித்தான் இருந்தது. "இது ஒண்ணும் செய்யாது, தொடாம விடு" என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தையை அந்தக் குடும்பம் சொத்துப் போலக் காப்பாற்றி வந்தது. ஆறாயி ஐம்பது வயதில் வயிற்றுக்குள் ஏதோ வளர்ந்து செத்தாள். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கலியாணமான முதல் கிழமையில் ரதி ஒருதரம் கேட்டாள், "இது என்னாங்க, ஒடம்பு பூரா?" என்று. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை, சாப்பிடவுமில்லை. அதற்குப் பிறகு அவள் கேட்டதே கிடையாது. ஆனால் வேலை முடிந்து வந்து அவன் குப்புறப் படுத்தால், தைலம் தேய்ப்பது அவள் வேலை. வெள்ளவத்தையில் ரஜனி அக்காவின் சாப்பாட்டுக் கடையில் காலை முழுவதும் தேங்காய் திருவி, சம்பல் அரைத்து, பகல் பார்சல் கட்டிவிட்டு, பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வருவதற்குள் நாலரை ஆகிவிடும். புளூமெண்டால் வீதிக்கு உள்ளே, ஒற்றைக் குழாயும் நாற்பது குடும்பமுமாய் இருக்கும் இடம் அது. மலையில் தேயிலை இருந்த தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்குக் கொழும்பிலும் தோட்டம் என்ற பெயரில்தான் குடியிருப்பு கிடைத்தது. புல் கூட முளைக்காத தோட்டம். அங்கே கதவோரத்தில் பாய் போட்டு, ஐந்து மணிக்கு அவன் முதுகில் கை வைத்தால், எந்தக் கட்டி எங்கே, எது எவ்வளவு என்று அவள் விரலுக்கு மனப்பாடம்.

தைப்பொங்கல் கழிந்த ஒரு மாலையில் அந்த விரல் நின்றது. மெத்தைக்கு நடுவே ஓரிடம் இறுகியிருந்தது. மாங்கொட்டை அளவில், அழுத்தினால் அமுங்காத ஒன்று. அவன் பல்லைக் கடிப்பது அவளுக்குக் கேட்டது.

"வலிக்குதா?"

"தேய்க்கிறதுன்னா தேயி. இல்லாட்டி விடு."

அவள் தேய்த்தாள். மறுநாள் குழாயடியில் பழனிமுத்துவைப் பார்த்தபோது மனம் கேட்கவில்லை. அவர் நான்கு வீடு தள்ளி இருப்பவர்.

"அண்ணே, அவரு தோள்ல நடுவுல கல்லு மாதிரி ஒண்ணு இருக்குண்ணே."

பழனிமுத்து சிரித்தார். "அட, நீ ஒண்ணு. இங்க பாரு என் பெடரிய. தொட்டுப் பாரு. கல்லா இல்லையா? மூட்ட ஏற ஏற காய்ப்பு காய்க்கும் தங்கச்சி. காய்க்காட்டி அவன் நாட்டாமையே இல்ல. சாந்தனுக்கு இத்தன வருசமா காய்க்காமயே இருந்திச்சு. இப்பத்தான் மெத்த பழுத்திருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு நாட்டாமையின் பிடரியிலும் அந்தக் காய்ப்பு இருக்கத்தான் செய்தது. தெருவில் விஷயம் பரவி, பையன்கள் அவன் தோளைத் தட்டிப் பார்த்து, "அண்ணே, மெத்தை இப்ப பலகையாயிருச்சு" என்று வாழ்த்துக்கூடச் சொன்னார்கள். முதல் மூட்டை இன்னும் நன்றாக உட்கார்ந்தது. ரதியும் நிம்மதியானாள். நிம்மதியாகத்தான் விரும்பினாள் என்று சொல்வது இன்னும் சரி. உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். தையில் மாங்கொட்டையாக இருந்தது ஆடியில் தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்த அளவுக்கு வந்துவிட்டது. ஆறு மாதம் அவள் அதற்கு ஒத்தடம் கொடுத்திருக்கிறாள்.

ஆடி வெள்ளியன்று காலையில் அவன் கையிலிருந்த பிளேன்டீ கிளாஸ் தானாக விழுந்தது. உடைந்த கிளாஸைப் பார்க்காமல் அவன் தன் இடது கை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா?"

"ஒண்ணுமில்ல. மரத்துப் போச்சு."

"எத்தன நாளா?"

அவன் சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான். மகள் டிலக்ஷி பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தவள், கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தாள். பதினேழு வயது, பல்கலைக்கழகம் போக எழுதும் ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறவள். அவள் இடுப்பிலும் முதுகிலும் அதே பால் தேத்தண்ணி மச்சங்கள் பிறந்ததிலிருந்தே உண்டு. அதைப் பற்றியும் அந்த வீட்டில் பேச்சுக் கிடையாது.

ரஜனி அக்காவின் கடையிலிருந்து தினமும் பகல் சாப்பாடு போகிற இடங்களில் காலி வீதியில் ஒரு பெண் டொக்டரின் கிளினிக்கும் ஒன்று. அன்று பார்சலை மேசையில் வைத்துவிட்டு ரதி போகாமல் நின்றாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி, "என்ன ரதி, இண்டைக்கு மரக்கறியோ?" என்று கேட்டார். ரதிக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் அவனுடைய முதுகைப் பார்த்ததும் கட்டியைத் தொடவில்லை. முதலில் மச்சங்களை எண்ணினார்.

"இது ஆருக்கு இருந்தது? அம்மாவுக்கோ அப்பாவுக்கோ?"

"அம்மாவுக்குங்க. அவங்க இப்ப இல்லீங்க" என்றான் சாந்தகுமார்.

"அம்மா எப்பிடிச் செத்தவ?"

"வயித்துல கட்டிங்க."

டொக்டர் நாற்காலியை அவனருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது நரம்பில வாற ஒரு பரம்பரை வருத்தம். மூவாயிரம் பேரில ஒராளுக்குத்தான் வரும். இந்தக் கட்டியளில முக்காவாசி ஒண்டும் செய்யாது, அது உண்மை. ஆனா பத்துப் பேரில ஒராளுக்கு, இதில ஏதாவது ஒண்டு கெட்டுப்போகும். கெட்டது எது எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? நோகும். கெதியா வளரும். இறுகும். விரல் விறைக்கும். எத்தினை மாசமா நோகுது?"

"வலியெல்லாம் இல்லீங்க. மூட்ட ஏத்தி ஏத்தி காய்ச்சுப் போச்சு, அவ்வளவுதான்" என்றான் சாந்தகுமார்.

டொக்டர் ரதியைப் பார்த்தார். ரதி அவனைப் பார்க்காமல், "தையில இருந்துங்க" என்றாள். பத்தொன்பது வருடத்தில் முதல்தடவையாக, அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவனுடைய உடம்பைப் பற்றி இன்னொருவரிடம் அவள் வாய் திறந்தது அதுதான்.

"பிள்ளையள் இருக்கோ?"

"ஒரு பொம்பளப் புள்ள."

"மச்சம் இருக்கோ அவவுக்கு?"

ரதி தலையை ஆட்டினாள்.

"அவவையும் வருசா வருசம் காட்டவேணும். பயப்படாதேங்கோ. எல்லாருக்கும் அப்பிடி வாறேல்லை. ஆனா ஏதாவது ஒரு கட்டி நோகத் தொடங்கினா நாள் பாக்கக் கூடாது. விளங்குதோ? அண்டைக்கே கொண்டுவரவேணும்."

அவர் மகரகமைக்குக் கடிதம் எழுதினார். கொழும்பில் மகரகம என்றால் ஊர்ப்பெயர் இல்லை, புற்றுநோய் ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டு அக்கா, முஸ்லிம் வழக்கில் ஹபீலா தாத்தா, விஷயத்தைக் கேட்டதும், "அல்லாவே, மகரகமக்கா எழுதித் தந்திரிக்கி?" என்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அந்தச் சொல்லை வீட்டு வாசலில் சொன்னதற்காகப் பிறகு தானே வெட்கப்பட்டு, ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள்.

மகரகமையில் ஸ்கேன் பிடித்தார்கள், ஊசியால் துண்டெடுத்துப் பார்த்தார்கள். சர்ஜன் சிங்களவர், தணிந்த குரல்காரர். "மல்லி, பய வென்ன எப்பா" என்று பயப்படாமல் இருக்கச் சொல்லித்தான் ஆரம்பித்தார். மீதியைச் செலீன் என்ற நேர்ஸ் தமிழில் சொன்னாள். அவளும் கொட்டாஞ்சேனைக்காரிதான், கோயிலுக்குப் பின்வீதி.

"அண்ணா, அந்தக் கட்டி புற்றுநோயாகிட்டு. கைக்குப் போற நரம்பெல்லாத்தையும் சுத்திப் பிடிச்சிருக்கு. கட்டிய மட்டும் வெட்டேலாது. தோளோட சேத்துக் கையை எடுக்கவேணும். நெஞ்சு ஸ்கேன் ஒண்டு இருக்கு. அது சுத்தமா இருந்தா கெதியாச் செய்துபோடுவினம். அதுக்கு நீங்கள் சைன் வைக்கவேணும்."

"எந்தக் கையை?" என்று கேட்டான் சாந்தகுமார். தெரியாமல் கேட்கவில்லை.

"இடது கையை."

அவன் எழுந்தான். சட்டையைப் போட்டுக்கொள்ள இடது கை ஒத்துழைக்கவில்லை. ரதி உதவப் போனபோது தட்டிவிட்டான். வாசல்வரை போய்த் திரும்பி, செலீனிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னான். "மிஸ், நான் நாட்டாமைங்க. ஒத்தக் கை நாட்டாமைய நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

அதற்குப் பிறகு ஐந்து கிழமை, முப்பத்தைந்து நாள், அவன் மகரகமையின் பக்கமே போகவில்லை. வேலைக்குப் போனான். நெஞ்சு ஸ்கேனுக்குக் கொடுத்த நாளும் போய்விட்டது. புரட்டாதி மழை பிடித்துக்கொண்டு, தோட்டத்துக் கழிவுநீர்க் கான் நிறைந்து தண்ணீர் வாசற்படியைத் தொட்டது. ரதி ரொட்டி சுடுவாள், கட்டசம்பல் இடிப்பாள், வாளியால் தண்ணீர் அள்ளிக் கொட்டுவாள், இடையிடையே கெஞ்சுவாள். அவன் காதில் ஏறினால்தானே. கோபத்தில் ஒருதரம் அவள் ரொட்டித் தட்டையே தூக்கி எறிந்தாள். அவன் குனிந்து, வலது கையால் ஒவ்வொரு துண்டாய்ப் பொறுக்கித் தட்டில் வைத்தான். அவன் அவளை அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழனிமுத்து வந்தார். மழையில் நனைந்த தலையைத் துடைக்காமலே பேசத் தொடங்கினார்.

"டேய் சாந்தா, நாளையில இருந்து ஒனக்கு மூட்ட இல்ல. நான் சொல்லிட்டேன்."

"ஏன், மொதலாளி சொன்னாரா?"

"நான் சொல்றேன். அந்தத் தோள்ல இனி ஒருத்தனும் மூட்ட வைக்க மாட்டான்."

"யாருண்ணே வைப்பா மொதல் மூட்டைய?"

"மொதல் மூட்டையாம். மசுரு." பழனிமுத்து நனைந்த தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நாந்தானடா சொன்னேன் பழுத்திருக்குன்னு. தங்கச்சி எங்கிட்டத்தான் வந்து கேட்டுச்சு. நான் சிரிச்சேன்டா. சிரிச்சுப்புட்டு, அண்டைக்கே ஒன் தோள்ல முப்பது மூட்ட ஏத்தினேன்."

"அதுக்கு நீங்க என்னா செய்வீங்க. எனக்கே தெரியல."

"இப்பத் தெரியுமில்ல? போய்க் கையெழுத்து வையி."

"கையை எடுத்துப்புட்டா நான் என்னா வேலை செய்யிறது? ஏ.எல். எழுதப் போற புள்ளய வச்சிக்கிட்டு? பொஞ்சாதி தேங்கா திருவி எனக்குச் சோறு போடுறதா?"

"செத்துப் போனா மட்டும் யாருடா போடுவா?"

வாதத்தில் தோற்றதற்காக மனம் மாறுகிற ஆள் சாந்தகுமார் இல்லை. ரதி பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு ஆண்களும் சீனியைக் கடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி குடித்தார்கள்.

உள்ளே படித்துக்கொண்டிருந்த டிலக்ஷி புத்தகத்தை மூடிவிட்டு வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, எனக்கும் ஒண்ணு வலிக்குது."

ரதியின் கையிலிருந்த கேத்தல் சாய்ந்து தேத்தண்ணி தரையில் ஓடியது.

"எங்கடி?" என்று ரதி பாய்ந்தாள்.

"சொல்ல மாட்டேன்." அவள் ஒரு எட்டுப் பின்னால் போனாள். "ஒளிச்சு வச்சா சரியாயிரும்னா நானும் ஒளிச்சு வைக்கிறேன். அப்பா போய் ஒப்பரேஷன் செய்யட்டும். கையை எடுத்த அண்டைக்கு நான் காட்டுறேன். அதுக்கு முன்னுக்கு யாரும் என்னைத் தொடக் கூடாது."

"அடியே, வெளையாட்டா இது?"

"அப்பாவுக்கு வெளையாட்டுத்தானே!"

அவள் கத்தவில்லை. பரீட்சைக்குப் பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொன்னாள். ரதி அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள், சட்டையை இழுத்தாள், அடிக்கக்கூடக் கை ஓங்கினாள். பிள்ளை அசையவில்லை. அப்பனின் பிடிவாதம் எங்கே போகும்? சாந்தகுமார் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாயியிலிருந்து தனக்கு வந்ததும், தன்னிலிருந்து அவளுக்குப் போனதும் அன்றுதான் அவனுக்கு முழுதாக விளங்கியிருக்க வேண்டும். கிளாஸைக் கீழே வைத்தான்.

"நாளைக்கே போவோம்" என்றான்.

திங்கட்கிழமை கையெழுத்து வைத்தான். நெஞ்சு ஸ்கேனுக்குப் புது நாள் கிடைத்தது, அது எடுத்து முடிந்து, ரிப்போட்டுக்கு இன்னொரு நாள் வந்தது. இந்த இடைவெளி முழுவதும் ரதி மகளின் பின்னாலேயே திரிந்தாள். அவள் குளிக்கும்போது கதவில் தட்டினாள். ஒருநாள் படியில் இறங்கும்போது அவள் ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற மாதிரித் தெரிந்தது. கேட்டதற்கு, "நெட்போல்ல சுளுக்கிருச்சு" என்றாள். "வா, இண்டைக்கே போவோம், அப்பாவுக்குத் தெரியாம போவோம்" என்று ரதி எத்தனை விதமாகவோ கேட்டுப் பார்த்தாள். "அப்பா சைன் வச்சிட்டு ஓடிருவாரு. எனக்குத் தெரியும். மொதல்ல அவரு" என்பதுதான் ஒரே பதில். அவள் தன் வலியை அப்பாவின் உயிருக்கு ஈடாக வைத்திருந்தாள். அதைக் கையைவிட்டுக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

ரிப்போட் நாளன்று நால்வருமாகப் போனார்கள். பழனிமுத்து லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். டிலக்ஷியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் ரதிதான் கட்டாயப்படுத்திக் கூட்டி வந்தாள். அவளும் பழனிமுத்துவும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்க, ரதியும் சாந்தகுமாரும் உள்ளே போனார்கள்.

சர்ஜன் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டு இருவரும் பார்த்தார்கள். பிறகு சாந்தகுமாரின் பக்கம் திரும்பி, ஒப்பரேஷன் இனி வேண்டாம், கையை எடுக்கப் போவதில்லை என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு மூச்சு எடுத்துக்கொண்டு அடுத்த வசனத்துக்கு வாயைத் திறந்தார்.

அதற்குள் சாந்தகுமார் எழுந்துவிட்டான். புறக்கோட்டைச் சிங்களம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. கேட்க வேண்டியதை அவன் கேட்டுவிட்டான். "பொஹொம ஸ்துதி மாத்தயா, பொஹொம ஸ்துதி" என்று நன்றி சொல்லி வலது கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. செலீன் "அண்ணா, கொஞ்சம் இருங்கோ" என்று எழுந்து வருவதற்குள் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான். அவனுடைய குரல் வரவேற்புக் கூடம் முழுவதும் கேட்டது.

"அண்ணே! கையை எடுக்க வேணாம்னுட்டாங்கண்ணே! கை தப்பிச்சிருச்சு!"

உள்ளே செலீன் கதவைச் சாத்திவிட்டு ரதியின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, புற்றுநோய் ரெண்டு நுரையீரலுக்கும் போயிட்டு. கையை எடுத்து இனிப் பிரயோசனம் இல்லை. அதுதான் வேண்டாம் எண்டது. நோவுக்கு மருந்து குடுப்பினம். ஊசி போட்டுப் பாப்பினம், கொஞ்சம் மட்டுப்படும். அடுத்த கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. டொக்டரே இருத்தி வைச்சுச் சொல்லுவார்."

"அந்த அஞ்சு கெழமைய விடாம அப்பவே வந்திருந்தா?"

"சொல்லேலாது அக்கா. அப்பவே இருந்திருக்கவும் கூடும்."

"எவ்வளவு நாளு?"

செலீன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். ரதிக்கு அழுகை வரவில்லை. வெளியே அவன் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பை அவள் பல வருடமாகக் கேட்டதில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. எழுந்தவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மிஸ், நீங்க எத்தன மணி வரைக்கும் இருப்பீங்க?"

"நாலு மணிக்கு ஓஃப். ஏன் அக்கா?"

"ஒண்ணுமில்ல."

நூற்று முப்பத்தெட்டு பஸ்ஸில் நால்வரும் ஏறினார்கள். பகல் பன்னிரண்டரை, பஸ் பாதி காலி. ஆண்கள் இருவரும் முன்னால், ரதியும் மகளும் இரண்டு வரிசை பின்னால். சாந்தகுமார் போனில் நிலாம் முதலாளியிடம் பேசிக்கொண்டிருந்தான். "இல்ல மொதலாளி, சத்தியமா. பெரிய டொக்டரே சொன்னாரு. கொஞ்ச நாளைக்குப் பாரம் தூக்காம இருந்துட்டு வந்துர்றேன்." பழனிமுத்து திரும்பி ரதியைப் பார்த்தார். அவளுடைய முகத்தில் எதைப் படித்தாரோ, முன்னால் திரும்பிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சாந்தகுமார் போனை வைத்துவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தான்.

"பாத்தியா? ஒண்ணுமில்லன்னு சொன்னேன்ல? ஒனக்கும் ஒண்ணுமிருக்காது. சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்காத. படிக்கிற வேலையப் பாரு."

டிலக்ஷி தலையாட்டினாள். அவள் முகத்திலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் ரதிக்கு அது உறைத்தது. கையை எடுத்த அன்று காட்டுகிறேன் என்றவள் இவள். இனிக் கையை எடுக்கப் போவதில்லை.

"எங்க வலிக்குதுன்னு சொல்லு" என்றாள் ரதி, குரலைத் தாழ்த்தி.

"அதான் அப்பாவுக்கே ஒண்ணுமில்லையே. எனக்கும் சரியாயிரும்மா. இப்ப கொறஞ்ச மாதிரித்தான் இருக்கு."

பஸ் தெல்கந்தை தாண்டியது. ரதி மகளின் காதோரம் குனிந்தாள். இப்படி ஒரு இடத்தில், இப்படி ஒரு பிள்ளையிடம் சொல்ல வேண்டிய வார்த்தை அது இல்லை. வேறு இடம் தேட அவளிடம் நேரமும் இல்லை.

"அப்பாவுக்கு நெஞ்சுக்குப் போயிருச்சு. இனி வெட்டிப் புண்ணியமில்ல. அதுக்குத்தான் வேணாம்னாங்க. அவருக்கு இன்னம் தெரியாது."

டிலக்ஷி முன்னால் இருந்த அப்பாவின் பின்தலையைப் பார்த்தாள். பஸ் பாட்டுக்கு அவன் தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய உதடு நடுங்கியது. ரதி அவளுடைய முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இங்க அழக் கூடாது. எறங்கு."

நுகேகொடையில் பஸ் நின்றிருந்தது. கொண்டக்டர் "நுகேகொட, நுகேகொட" என்று கத்திக்கொண்டிருந்தான். ரதி மகளை முன்னால் தள்ளிக்கொண்டு இறங்கினாள். சாந்தகுமார் ஜன்னலால் தலையை நீட்டினான்.

"எங்க போறீங்க?"

"இவ காலுக்குச் சப்பாத்து வாங்கணும். நீங்க போங்க. அண்ணே, அவரப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க."

"நல்லதாப் பாத்து வாங்கு" என்றான் அவன் சிரித்துக்கொண்டு. "தங்கச்சி நீ போயிட்டு வா" என்றார் பழனிமுத்து. பஸ் புகையைக் கக்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் போனது.

அவர்கள் பாதையைக் கடந்து எதிர்ப்பக்க பஸ் ஹோல்ட்டுக்குப் போனார்கள். பழக்கடைகளும் சப்பாத்துக் கடைகளும் ஆளை மோதுகிற கூட்டமுமாய் நுகேகொடை தன்பாட்டில் இருந்தது. டிலக்ஷி இப்போது மறைக்கவில்லை. வலது காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தாள். இவ்வளவு மோசமாக நொண்டுகிற பிள்ளை எப்படித்தான் வீட்டுக்குள் நேராக நடந்து காட்டினாளோ.

"எப்ப இருந்து?"

"சித்திரையில இருந்தும்மா." அவள் ஹோல்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தொடையில. உள்ளுக்கு. ராவெல்லாம் வலிக்கும். அப்பாவும் சொல்லாம இருந்தாருல்ல. நானும் இருக்கலாம்னு..."

ரதி கணக்குப் பார்த்தாள். ஏழு மாதம். ஒரே அறையில் இருவர் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்க, நடுவில் அவள் தூங்கியிருக்கிறாள். கையில் இருந்த பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு பாதையில் இறங்கி நின்றாள். மணி ஒன்று பத்து. செலீன் நாலு மணி வரை இருப்பாள்.

மகரகம பஸ் வந்து நின்றது. படி உயரம். டிலக்ஷி கம்பியைப் பிடித்து இடது காலை முதலில் வைத்தாள். மற்றக் கால் மேலே வரவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். ரதி நடு வீதியில் குந்தி, மகளின் வலது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கிப் படியில் வைத்தாள்.